ஜூன் 14-க்கு மண்டபம் பிடிக்கும் முன்: சமூக ரத்த தான முகாம் சேவை, ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் ஓர் இந்திய நற்பணிச் செயற்குழுவோ, ஆலய நிர்வாகமோ, பள்ளிவாசல் இளையர் அணியோ, முன்னாள் மாணவர் சங்கமோ ஒரு சுகாதார விழிப்புணர்வு நாளை அனுசரிக்க முடிவெடுத்தால், வழக்கமாகக் கண்ணில் படும் வழிகள் மூன்று. பதாகை கட்டி, ரிப்பன் குத்தி, மருத்துவர் ஒருவரைப் பேசவைக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் சாவடி போடலாம். இல்லையென்றால் ரத்த தான முகாம் நடத்தலாம். இந்த மதிப்பீடு பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியது. அன்று மாலை கூட்டம் கலையும்போது நோயாளிக்குப் பயன்படும் ஒரு பொருள் கையில் மிஞ்சுவது இதில் மட்டும்தான். ஆனால் தேதியையும் இடத்தையும் தவறாகத் தேர்ந்தால், இதே சேவை வந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்பும் நாளாகவும் ஆகிவிடும்.

யார் எதைச் செய்கிறார்கள் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். நன்கொடையாளர்களைத் திரட்டுவது சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பு. 2001 முதல் தேசிய அளவில் அந்தப் பொறுப்பை அதுவே வகிக்கிறது. ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, பிரிப்பது, மருத்துவமனைகளுக்கு அனுப்புவது எல்லாம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ரத்த வங்கியின் வேலை. எனவே முகாம் கேட்டு அணுக வேண்டியது செஞ்சிலுவைச் சங்கத்தை. தாதியர், படுக்கை, பை, ஊசி, குளிர்பெட்டி எல்லாம் அவர்களுடன் வரும். இடம், மேசை நாற்காலி, மின்சாரம், தொண்டூழியர், விளம்பரம், ஆள்திரட்டு ஆகியவை உங்கள் பொறுப்பு. இந்தப் பங்கீடு நன்றாகவே இயங்குகிறது. மருத்துவம் தொடர்பான எதிலும் ஏற்பாட்டாளர் தலையிட வேண்டிய தேவை வருவதே இல்லை. முகாம் தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதால், மார்ச் மாதம் யோசித்து ஜூனுக்கு இடம் கேட்பது தாமதம்.

தேதிதான் பாதி வேலை

உலக ரத்த நன்கொடையாளர் நாள் ஜூன் 14. ஏ, பி, ஓ ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1868-இல் பிறந்த நாள் அது. 2004 முதல் அனுசரிக்கப்படுகிறது. அந்த நாளைச் சுற்றி எல்லா அமைப்புகளும் முகாம் நடத்த விரும்புவது இயல்புதான். அங்கேதான் சிக்கல்.

எடுத்த சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் 42 நாள்தான் தாங்கும். ஜூன் 14-இல் எடுத்தது ஜூலை 26-க்குள் யாருக்காவது ஏறியிருக்க வேண்டும், இல்லையேல் வீண். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கோ சில நாள்தான் ஆயுள். ஆக, ஜூனில் நூறு பேர் வரிசையில் நின்றது டிசம்பரில் விபத்துக்குள்ளாகும் ஒருவருக்கு உதவாது. ரத்த வங்கிக்கு ஒரே நாள் வெள்ளம் வேண்டாம். வாரம் தவறாத வரத்து வேண்டும். ஆண்டிறுதி விடுமுறை, பண்டிகைக் காலம், பள்ளி விடுமுறை ஆகியவற்றில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவதால் வரத்து குறையும். அறுவை சிகிச்சைகளும் புற்றுநோய் சிகிச்சையும் அதற்காக நிற்பதில்லை. பரம்பரை ரத்தச்சோகை நோயான தலசீமியா கடுமையாக உள்ளவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். அவர்களுக்கு விடுமுறை கிடையாது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முழு ரத்தம் கொடுத்தவர் 12 வாரம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஜூன் 14-இல் கொடுத்தவருக்கு அடுத்த தகுதி நாள் செப்டம்பர் 6. அப்போது கொடுத்தால் அதற்கடுத்தது நவம்பர் 29. அதாவது ஓர் ஆண்டு நிகழ்ச்சியை ஜூன், செப்டம்பர், டிசம்பர் தொடக்கம் என மூன்று தேதியாக அறிவித்துவிட்டால், அதே ஆட்களே மூன்று முறை வர முடியும். கடைசித் தேதி பற்றாக்குறைக் காலத்தில் விழும். மூன்றுக்கும் மண்டபம் பிடிக்க முடியாவிட்டால் ஜூனில் முகாம் நடத்துங்கள், மற்ற இரண்டு தேதிகளுக்கும் அவுட்ரம் சாலையிலோ டோபி காட், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் வெஸ்ட்கேட் டவர் ஆகிய இடங்களிலோ உள்ள ரத்த வங்கிகளுக்குக் குழுவாகப் போவதாக முன்பதிவு செய்யுங்கள். எங்கள் கணிப்பில், பெரிய மேடை போட்ட ஒரு நாளைவிட இந்த அமைதியான இரண்டு குழுப் பயணங்கள் ரத்த வங்கிக்கு அதிகம் உதவும்.

நம் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி பார்ப்பதும் அவசியம். தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் ஒருவேளை உணவோடு விரதம் இருப்பவர் பலர். வெறும் வயிற்றோடோ அரைவயிற்றோடோ படுத்தால் மயக்கம் வரும். அலகு குத்தியவர்களிடமும் வேல் தரித்தவர்களிடமும் தோலில் துளையிட்டது பற்றிக் கேள்வி வரும், காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே தைப்பூசத்தை ஒட்டி ஆலய வளாகத்தில் முகாம் என்பது கேட்க நன்றாக இருந்தாலும் நடைமுறையில் காலை வாரிவிடும். ரமலான் மாதத்தில் தமிழ் முஸ்லிம் நண்பர்களை அழைப்பதென்றால் நோன்பு திறந்த பிறகான மாலை நேரம் வேண்டும். அது முடியாதென்றால் ஹரி ராயா கழித்து வையுங்கள்.

ஜனவரியும் ஜூலையும் இன்னொரு விதத்தில் சிரமமான மாதங்கள். பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு போய்வந்த குடும்பங்கள் திரும்பியிருக்கும். மலேரியா அபாயம் உள்ள பகுதிக்குப் போய்வந்தவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தியாவில் எல்லா ஊரும் ஒன்றல்ல. எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கேட்பார்கள். "இந்தியா போயிருந்தேன்" என்று மட்டும் சொன்னால் முடிவெடுப்பது கடினமாகும். விளம்பரத்திலேயே ஒரு வரி போட்டுவிடலாம்: கடந்த சில மாதங்களில் வெளிநாடு போயிருந்தால் ஊர்ப் பெயர்களோடு வாருங்கள். இதனால் வரிசையில் மிச்சமாகும் நேரம் பெரிது. ஊர் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் போவதற்கு முன்பே கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

யார் திரும்பி அனுப்பப்படுகிறார்கள், ஏன்

அடிப்படை நிபந்தனைகள் எளியவை. குறைந்தது 16 வயது. 16, 17 வயதினருக்குப் பெற்றோர் ஒப்புதல் படிவம். எடை குறைந்தது 45 கிலோ. சென்ற மூன்று வாரத்தில் காய்ச்சல் இருந்திருக்கக் கூடாது. சளி, இருமல், தொண்டைவலி, வயிற்றுப்போக்கு நின்று ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். முதல்முறை கொடுப்பவர்களுக்கு உச்ச வயது வரம்பும் உண்டு. அறுபதை நெருங்கிய பெரியவர்களை அழைப்பதற்கு முன் ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிடுவது மரியாதை. ஆசையோடு வந்த ஒரு தாத்தாவை மேசையில் வைத்து "வயதாகிவிட்டது" என்று சொல்லும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

நம் சமூகத்தில் அதிகம் பேரைத் தடுப்பது ஹீமோகுளோபின். பெண்களுக்குக் குறைந்தது டெசிலிட்டருக்கு 12.5 கிராம், ஆண்களுக்கு 13.0 கிராம் வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து அங்கேயே பார்க்கிறார்கள். 12.3 வந்தாலும் இல்லை என்றால் இல்லைதான். தாதியிடம் வாதாடிப் பயனில்லை, வாதாடவும் கூடாது. அந்த எல்லை கொடுப்பவரைக் காப்பதற்காக வைத்தது. ஒருமுறை 450 மில்லிலிட்டர் கொடுத்தால் உடலிலிருந்து 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து வெளியேறுகிறது. மாதவிடாய் வரும் பெண்ணுக்கு, அதிலும் சைவ உணவு மட்டுமே உண்பவருக்கு, அதை ஈடுகட்டப் பல வாரங்கள் ஆகும்.

இங்கே ஏற்பாட்டாளரால் முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியும். முகாமுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே பெண்களுக்கான புலன (வாட்ஸ்அப்) குழுவில் இரும்புச்சத்து பற்றிப் பேசத் தொடங்குங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, பேரீச்சை எல்லாம் சரி. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் ஏற்கும். கூடவே எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் ஏற்பு கூடும். சாப்பிட்ட கையோடு தே தாரேக் தேநீரோ காப்பியோ குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கொடுத்த பிறகு தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே விதி. அந்த மாத்திரையைக் காலைத் தேநீரோடு விழுங்கிவிட்டு, அடுத்த முறையும் ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்புபவர்கள் நிறைய. மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையின் இயல்பு. பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கீரையும் மாத்திரையும் எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லையென்றால், அவர் தலசீமியா கூறு உள்ளவராக, அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு இரும்பு மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பது பயன் தராது. பலதுறை மருந்தகத்தில் முழு ரத்த எண்ணிக்கையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். திருமண வயதில் இருப்பவர் என்றால் இது கட்டாயம். கணவன் மனைவி இருவருக்கும் அதே வகைக் கூறு இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முகாம் மேசையில் "இல்லை" என்று கேட்டுத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு இந்தத் தகவல் அடங்கிய சிறு தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால், அந்த நாள் அவருக்கு வீணாகாது. மே 8 உலகத் தலசீமியா நாளுக்கு என்ன செய்யலாம் என்று தேடும் சங்கங்களுக்கு இதுவே போதுமான பணி.

மருந்துகளைப் பொறுத்தவரை மாத்திரை அட்டையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வரச் சொல்வது நல்ல பழக்கம். "பிரஷர் மாத்திரை" என்றால் தாதிக்குப் போதாது. முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைட், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் சாப்பிடும் இளைஞர்கள் அதை மருந்தாகவே நினைப்பதில்லை, சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ரத்தம் கர்ப்பிணிக்கு ஏறினால் கருவைப் பாதிக்கலாம் என்பதால் காத்திருப்புக் காலம் உண்டு. ஊரிலிருந்து வாங்கிவந்த சித்த மருந்து, லேகியம், சூரணம் எதுவானாலும் சொல்ல வேண்டும். டெங்கி வந்தவர்களும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கேள்வித்தாளில் பாலுறவு, போதைப்பொருள் பற்றிய கேள்விகள் வரும். பொய்யான தகவல் கொடுப்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். கணவனும் மனைவியும், அப்பாவும் மகனும் சேர்ந்து வரும் நம் முகாம்களில் இதுதான் நுட்பமான இடம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு அவர் மகளையோ சங்கச் செயலாளரையோ மொழிபெயர்க்க உட்கார வைத்தால், அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். தமிழ் பேசத் தெரிந்த, அவருக்கு அறிமுகமில்லாத ஆளை ஏற்பாடு செய்ய முடியுமா என்று முன்பே செஞ்சிலுவைச் சங்கத்திடம் கேட்டு வையுங்கள். எச்ஐவி சோதனை செய்துகொள்வதற்காக யாரும் ரத்தம் கொடுக்க வரக்கூடாது. அதற்குப் பெயர் சொல்லாமல் பரிசோதித்துக்கொள்ளும் இடங்கள் தனியே இருக்கின்றன. இதை அறிவிப்பிலேயே நாசூக்காகச் சொல்லிவிடுங்கள்.

மண்டபமும் வரிசையும்

அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வெற்றுத்தளத்தில் நடத்தலாமே என்ற எண்ணம் அடிக்கடி எழும். வேண்டாம். புழுக்கத்தில் ரத்த நாளங்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். அதற்கு மேல் ரத்தமும் போனால் மயக்கம் நிச்சயமாகக் கூடும். குளிர்சாதன வசதியுள்ள சமூக மன்றப் பலநோக்கு அறை, ஆலயத் திருமண மண்டபம், பள்ளி அரங்கம் ஆகியவை பொருத்தம். சக்கரப் படுக்கைகளும் குளிர்பெட்டிகளும் ஏறிவர மின்தூக்கி வேண்டும், சரக்கு இறக்கும் இடத்திலிருந்து படிக்கட்டு இல்லாத வழி வேண்டும். இதை ஒரு தடவை நடந்து பாருங்கள். ஆலயமாக இருந்தால் காலணியை எங்கே விடுவது என்பதும் யோசிக்க வேண்டியதே. ரத்தம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஈரத்தரையில் நடப்பவர் வழுக்கி விழக்கூடாது. ஓய்வுப் பகுதி படுக்கைக்குப் பக்கத்திலேயே, தாதியின் கண்பார்வையில் இருக்கட்டும்.

ரத்தம் எடுப்பது ஐந்து முதல் பத்து நிமிடம்தான். ஆனால் பதிவு, கேள்வித்தாள், நேர்காணல், விரல் சோதனை, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். பெரும்பாலோர் படுக்கை எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் வரிசை தேங்குவது நேர்காணல் மேசையில். ஒரு படுக்கையில் தயாரிப்போடு சேர்த்து கால் மணி என்று வைத்தாலும், ஆறு படுக்கைக்கு மணிக்கு 24 பேர் கணக்கு வரும். நேர்காணல் ஒருவருக்கு எட்டு நிமிடம், மேசை இரண்டுதான் என்றால், மணிக்கு 15 பேருக்கு மேல் கடக்க முடியாது. படுக்கைகள் காலியாகக் கிடக்க, வெளியே கூட்டம் முணுமுணுக்கும். இதைத் தவிர்க்க, எல்லாரையும் டோனேட்பிளட் செயலி வழியாக நேரம் முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். செயலியும் சிங்பாஸ் மின்னிலக்க அடையாளமும் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு முந்தைய வாரம் சமூக மன்றத்தில் ஒரு மணி நேரம் தொண்டூழியர் உட்கார்ந்து உதவினால் போதும். பூஜை முடிந்து 11 மணிக்கு மொத்தக் கூட்டமும் வந்து விழுவதுதான் நம் முகாம்களின் நோய். அழைப்பிதழிலேயே புளோக் வாரியாகவோ குடும்ப வாரியாகவோ நேரம் பிரித்துப் போடுங்கள்.

புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் வருபவரைப் பதிவு செய்ய முடியாது. கைப்பை இல்லாமல் கோயிலுக்கு வரும் வழக்கமுள்ள அம்மாக்களுக்கு இதை இருமுறை நினைவூட்டுங்கள்.

படுக்கையில் நடப்பது

இந்தப் பகுதிக்குத்தான் நாங்கள் முழு மதிப்பெண் தருவோம். எல்லாம் ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதனங்கள். எடுத்த ஊசி மீண்டும் யாரையும் தொடாது. முழங்கையின் மடிப்பில் ரத்த நாளத்தைத் தடவிப் பார்த்து, கிருமிநாசினியால் துடைத்து, உலரவிட்டுத்தான் குத்துகிறார்கள். ஊசி வழக்கமான ரத்தப் பரிசோதனை ஊசியைவிடப் பருமன். குத்தும் அந்த ஒரு நொடி வலிக்கத்தான் செய்யும், பிறகு இழுப்பது போன்ற உணர்வு மட்டும். வலி மின்சாரம் பாய்ந்ததுபோல் விரல்வரை ஓடினால் உடனே சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக் கூடாது. பை ஒரு சிறு தராசில் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள உறையாமை திரவத்தோடு ரத்தம் நன்கு கலப்பதற்காக. எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மில்லிலிட்டர் நிரம்பியதும் நிறுத்திவிடுவார்கள். ரத்தம் இறங்கும் நேரத்தில் கையிலுள்ள பந்தை அழுத்திக்கொண்டிருந்தால் ஓட்டம் தடைப்படாது.

கால்களைக் குறுக்காகப் போட்டு, தொடையையும் வயிற்றையும் ஐந்து நொடி இறுக்கி விடுவதை அவ்வப்போது செய்தால் மயக்கம் குறையும். முதல்முறை வருபவர், இளையவர், எடை குறைந்தவர், தூக்கம் கெட்டவர், தண்ணீர் குடிக்காதவர் ஆகியோருக்குத்தான் மயக்கம் அதிகம் வரும். முகம் வெளுத்து, உதடு வியர்த்து, கொட்டாவி விட்டால் அது முன்னறிவிப்பு. அப்போது நாற்காலியில் உட்காரவைத்து விசிறுவது தவறு. அங்கேயே படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், தாதியைக் கூப்பிடுங்கள். தொண்டூழியர்களுக்குப் பத்து நிமிடம் இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். பெரும்பாலும் ஓய்வுப் பகுதியிலிருந்து எழும்போதோ கழிப்பறையிலோதான் விழுகிறார்கள். கழிப்பறை வாசலில் ஒருவர் நிற்பது நல்லது.

தட்டணு மட்டும் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் முறை முகாமில் கிடையாது. அதற்கு ரத்த வங்கிக்கே போக வேண்டும். ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் சீனர்களைவிட இந்தியர்களிடையே கூடுதலாக இருக்கிறது. அந்த வகைக்காரர்கள் நம் முகாமில் கண்டறியப்பட்டால், அவர்களை அடுத்த முறைக்கு ரத்த வங்கியின் அழைப்புப் பட்டியலோடு இணைத்துவிடுவது பெரிய உதவி. எல்லாரையும் ஒரே நாளில் கொடுக்கவைப்பதைவிட, தேவைப்படும் நாளில் கூப்பிட்டால் வருபவராக வைத்திருப்பது அங்கே முக்கியம்.

சாப்பாடு

நம் முகாம் என்றால் பிரியாணியும் நெய்ப்பொங்கலும் இல்லாமலா? இருக்கட்டும், ஆனால் கொடுத்த பிறகு. எண்ணெயும் நெய்யும் நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் திரவப் பகுதியான பிளாஸ்மா பால்போல் கலங்கிவிடும், சில சோதனைகளையும் அது குழப்பும். வருவதற்கு முன் இட்லி, சப்பாத்தி, சாதமும் பருப்பும் என லேசாகச் சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து வந்தால் போதும். வெறும் வயிற்றோடு வரவே கூடாது. பிறகு ஓய்வுப் பகுதியில் இனிப்பு பானமும் பிஸ்கட்டும் தருவார்கள். அதோடு உப்பிட்ட மோரும் முறுக்கும் ஏற்பாட்டாளர் வைத்தால் மிகப் பொருத்தம். உடலுக்கு அப்போது வேண்டியது நீரும் உப்பும்தான். கஞ்சி வைத்தாலும் நல்லது, தலை ஆடாமல் நிற்கும் வரை நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கட்டும்.

கையில் போட்ட கட்டை நான்கு மணி நேரமாவது அவிழ்க்காமல் வைத்து, கொடுத்த கையால் அன்று அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் தூக்காமல் இருக்கச் சொல்லுங்கள். உயரத்தில் ஏறும் கட்டுமானத் தொழிலாளர்களும் பாரந்தூக்கி ஓட்டுபவர்களும் விடுமுறை நாளில் கொடுப்பதே சரி. தங்குவிடுதிகளுக்குப் போய் ஆள்திரட்டும் அமைப்புகள் இதை மறக்கக் கூடாது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைத்தளம் என்றால் அந்தத் தம்பியை அழைக்காதீர்கள். தேசிய சேவையில் உடல்திறன் தேர்வு வைத்திருப்பவர்களும் அப்படியே.

சர்க்கரைச் சாவடி பற்றிச் சுருக்கமாக

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங் பிறந்த நாள். தீபாவளி பலகாரங்கள் தீர்ந்தும் தீராத நேரத்தில் வரும் நாள் என்பதால் நமக்கு மிகப் பொருத்தம். ஆனால் கூடத்தில் வாடகைக்கு அமர்த்தும் விரல்நுனிச் சாவடி தரும் பயன், எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. லட்டு சாப்பிட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் தோலிலுள்ள சர்க்கரையே எண்ணை உயர்த்திக் காட்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்த அளவு யாரையும் நோயாளியாகவோ நலமானவராகவோ உறுதிப்படுத்தாது. கைகழுவும் தொட்டியும் சோப்பும் காகிதத் துண்டும் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

எண்களும் குழப்பும். இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு, தமிழ்நாட்டில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் அங்குள்ள எண். 10.0 என்று சீட்டில் பார்த்து "பத்துதானே" என்று நிம்மதியாகப் போகும் பாட்டிக்கு, ஊரில் அது 180 என்று சொன்னால்தான் புரியும். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் நீரிழிவு எல்லை; அதாவது 126. சீட்டிலேயே இரண்டு எண்ணும் அச்சடித்துவிடுங்கள்.

ரத்த அழுத்தம் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க நாற்காலி, பெரிய கைகளுக்கு ஏற்ற அகலமான பட்டை, மேளச் சத்தம் எட்டாத மூலை ஆகியவை வேண்டும். இவை இல்லாமல் எடுத்த அளவு பயமுறுத்தவே உதவும்.

எங்கள் பரிந்துரை: சாவடிக்குச் செலவிடும் பணத்தையும் ஆளையும் வேறு வேலைக்குத் திருப்புங்கள். 40 வயதைத் தாண்டியவர்களை மேசையில் உட்காரவைத்து, அரசின் ஆரோக்கிய எஸ்ஜி (ஹெல்தியர் எஸ்ஜி) திட்டத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே அவர்களுடைய குடும்ப மருத்துவரிடம் பரிசோதனை நேரம் எடுத்துக் கொடுங்கள். அத்திட்டத்தில் பதிவு செய்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் இலவசம். முறையாக ரத்த நாளத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பார்கள், முடிவை விளக்க மருத்துவரும் இருப்பார்.

ரிப்பன், டீ-ஷர்ட், பதாகை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடுத்த தேதியும் முன்பதிவு செய்யும் வழியும் அச்சிட்ட ஒரு பதாகை, பத்து வாசகம் எழுதிய பதாகைகளைவிட மேல்.

கடைசியாக, முகாம் முடிந்த இரவுக்கு ஒரு குறுஞ்செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நன்றியோடு சில விஷயங்கள் அதில் இருக்க வேண்டும். அடுத்த சில நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே ரத்த வங்கிக்குச் சொல்லுங்கள், அந்தப் பையை நிறுத்திவைக்க அவர்களால் முடியும். குத்திய இடம் நீலம் பாரித்தால் முதல் நாள் குளிர் ஒத்தடம் வையுங்கள். வீக்கமோ விரல் மரத்துப்போவதோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஜூன் 14-இல் கொடுத்தவர்களுக்கு அடுத்த தேதி செப்டம்பர் 6 முதல். முன்பதிவு இன்றே திறந்திருக்கிறது.